இருட்டைத் தெரிந்த பிள்ளைகள்

"எங்க காலத்துல..." என்று தொடங்கும் பேச்சு எங்கள் ஆலங்காயத்துத் திண்ணைகளில் அடிக்கடி கேட்கும். கேழ்வரகுக் களி, ஏரிக் குளியல், கில்லி, கோலி என்று வரிசை நீளும். கடைசியில் செல்போனுக்கு ஒரு வசவு விழும். அந்த வரிசையை நான் முழுதாக நம்புவதில்லை. என் அம்மாவின் விரல்கள் அதில் இல்லை.

சின்ன வயதிலேயே அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார். வேலூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அது வீட்டோடு நடக்கும் தொழில். பெரியவர்கள் இலையை வெட்டித் தூள் வைத்துச் சுற்றுவார்கள். பிள்ளைகள் வாயை மடித்து நூல் கட்டுவார்கள். சின்ன விரலுக்குத்தான் அது சுளுவாக வரும் என்று சொல்லியே வேலை வாங்கினார்கள். மலைமேல் ஊர்களில் ஆடு மேய்ப்பும் சாமைக் கொல்லைக் காவலும் பிள்ளைகள் தலையில். "நீ என்னம்மா விளையாடின?" என்று கேட்டால், "விளையாட்டா? கட்டு முடிஞ்சாத்தான் சோறு" என்பார்.

என் தலைமுறைக்குக் காலம் கொஞ்சம் வழி விட்டது. 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் வந்தது. சோற்றுக்காகவாவது பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்று பல வீடுகளில் அனுப்பினார்கள். வயிறும் நிறைந்தது, சாயங்காலமும் எங்களுடையதாக இருந்தது. களாக்காய் பறிக்கப் போனால் யாரும் தேட மாட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தால் போதும். பெரியவர்கள் கொண்டாடுகிற "அந்தக் காலம்" இந்தச் சின்ன இடைவெளிதான். அதற்கு முன்னால் வேலை, அதற்குப் பின்னால் டியூஷன்.

அந்த இடைவெளியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து இருட்டு. கோடையில் வாசலில் பாய் விரித்துப் படுத்தால் வானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எங்கள் இருட்டின் அருமையை வெளியூர்க்காரர்தான் முதலில் கண்டுகொண்டார். கொடைக்கானல் வானாய்வகத்தில் மேகமும் மூடுபனியும் இரவு ஆய்வுக்குத் தடையாக இருந்தன. வானியலாளர் வைணு பாப்பு வேறு இடம் தேடி, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூர்க் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் கடைசியில் அங்கே சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1982இல் இறந்துவிட்டார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து, காவலூர் வானாய்வகத்துக்கே பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஹாலி வால்நட்சத்திரம் வந்திருந்ததும் அப்போதுதான். வானத்தில் விருந்தாளி வந்திருக்கு என்று பாட்டி எங்களை விடியலுக்கு முன் எழுப்பிவிட்ட வருஷம் அது.

இப்போதைய பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலையில் பள்ளி வேன், மாலையில் டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம், மிச்ச நேரம் திரை. இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் வண்டி ஓயாமல் போகிறது. ஏரியில் பிள்ளை மூழ்கிய செய்தியைப் படித்த தாய் எப்படித் தனியாக அனுப்புவாள்? கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 2023 முதல் தமிழ்நாடு முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. மலைப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. என் அம்மாவுக்குக் கிடைக்காத சிலேட்டும் சைக்கிளும் இன்று அவர் பேத்திகளுக்குக் கிடைக்கின்றன. இதில் ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பெரியவர் கண்காணிப்பில்லாத ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எல்.இ.டி. வெளிச்சத்தில் நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டோம். உலகமெங்குமிருந்து வானம் பார்க்க ஆள் வருகிற ஊரின் பிள்ளைக்கு, சப்தரிஷி மண்டலம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிள்ளை கெட்டுப்போனதாக இதற்கு அர்த்தம் இல்லை. காட்ட வேண்டியவர்கள் நாம், காட்டவில்லை.

பழைய வறுமையைத் திரும்பக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலத்தை மட்டும் பிள்ளைக்கென்று விட்டுவிடுங்கள். அன்று டியூஷன் வேண்டாம், எட்ட நின்று பார்த்துக்கொண்டால் போதும். இரவு மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுங்கள். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது நெடுநாள் வழக்கம். விசாரித்துக்கொண்டு ஒருமுறை கூட்டிப்போங்கள். ஹாலி மறுபடி வருவது 2061இல். நம்மில் பலர் இருக்க மாட்டோம். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இருக்கும். வானத்தில் எங்கே தேடுவது என்பதை இப்போதே சொல்லிக்கொடுங்கள்.