சோடாபுட்டி மாமாவும் பாப்பாவின் கேள்விகளும்

நாலாவது படிக்கும்போது போர்டுல எழுதினது தெரியாம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிட்டிருந்தேன். காப்பி அடிக்கிறேன்னு வாத்தியார் காதைத் திருகினார். அதுக்கப்புறம்தான் வீட்டுக்கே தெரிஞ்சுது, பையனுக்குக் கிட்டப்பார்வைன்னு. அன்னையிலிருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் என் பேரு சோடாபுட்டி. அப்பா அம்மா வச்ச பேரு அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் காதுல விழும்.

2004-ல வேலைக்குச் சேர்ந்து கையில நாலு காசு சேர்ந்ததும் சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில லேசர் பண்ணிக்கிட்டேன். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் அஞ்சரை. மறுநாள் காலையில கண்ணைத் திறந்தா, எதிர் சுவத்துல தொங்கற தினசரி காலண்டர்ல ராகுகாலம் எத்தனை மணின்னு படுத்தபடியே படிச்சேன். அழுதுட்டேன். (கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. கண்ணீர் அதுல சேர்த்தியான்னு கேட்கல.)

அதுலிருந்து நான் லேசருக்குச் சம்பளம் வாங்காத பிரச்சாரகர். கண்ணாடி போட்டவங்க யாரைப் பார்த்தாலும் "பத்து நிமிஷ வேலைங்க, பண்ணிடுங்க"ன்னு ஆரம்பிச்சிடுவேன். கல்யாண வீட்டுல என்னைப் பார்த்தா கண்ணாடிக்காரங்க வேற பந்திக்குப் போயிடுவாங்கன்னு தங்கமணி கிண்டல் பண்ணுவாங்க.

என்கிட்ட கடைசியா மாட்டினது எங்க அக்கா பொண்ணு. வயசு 24, வீட்டுல இன்னும் பாப்பாதான். திண்டுக்கல்லிலிருந்து அக்கா போன் பண்ணினா. "ஒரு இடம் வந்திருக்குடா. எல்லாம் பிடிச்சிருக்காம். பொண்ணு கண்ணாடி மட்டும் இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு சொல்றாங்க. நீதான் பண்ணிக்கிட்டியே, கூட வா."

எனக்குச் சுர்ர்ருன்னு வந்துச்சு. ஆனா பாப்பா போனை வாங்கி, "மாமா, அவங்களுக்காக இல்ல. மழையில ஸ்கூட்டி ஓட்டும்போது கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. காலைல எழுந்தா மணி என்னன்னு தெரியணும். அவ்வளவுதான்"னு சொன்னா. ராகுகாலம் படிச்சவனுக்கு அது புரியாதா? கிளம்பிட்டேன்.

பாப்பா அப்பப்போ கான்டாக்ட் லென்ஸ் போடுவா. பரிசோதனைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அதை நிறுத்திட்டு வரச் சொல்லியிருந்தாங்க. லென்ஸ் கண்ணோட மேல்பரப்பை அமுக்கி வடிவத்தை மாத்தி வச்சிருக்குமாம், அதோட அளந்தா கணக்கு தப்பாயிடும். மதுரைக்குப் போற பஸ்ஸுல அவ போனை எடுத்துக் காட்டினா. வரிசையா கேள்விகள், நம்பர் போட்டு.

"நீங்க பண்ணும்போது என்ன மாமா கேட்டீங்க?"

"எவ்வளவு ஆகும்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"தவணையில கட்டலாமான்னு கேட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தா. மைனஸ் பவர்லயும் அந்தப் பார்வை தெளிவாத்தான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில கண்ணைப் படம் எடுத்தாங்க, சொட்டு மருந்து விட்டாங்க, மறுபடி படம் எடுத்தாங்க. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். "ரிப்போர்ட் வரட்டும், அதுக்குள்ள உன் கேள்வியெல்லாம் கேளும்மா"ன்னு உட்கார வச்சாங்க. பலருக்கும் உதவும்னு இங்க போடறேன்.

வலிக்குமா? ஊசி கிடையாது, சொட்டு மருந்திலேயே கண்ணு மரத்துப் போயிடும். அமுக்கற மாதிரி இருக்கும், சில நொடி பார்வை இருட்டும். மருந்து இறங்கினதும் சில மணி நேரம் மிளகாய் நறுக்கின கையைக் கண்ணுல வச்ச மாதிரி எரியும். தூங்கி எழுந்தா பெரும்பாலும் சரியாயிடும். மேல்படலத்தைச் சுரண்டிட்டுப் பண்ற பழைய பி.ஆர்.கே. முறையில மூணு நாலு நாள் வலி இருக்கும்.

நடுவுல கண்ணைச் சிமிட்டிட்டா? சிமிட்ட முடியாது, இமையை ஒரு கிளிப் பிடிச்சிருக்கும். கண்ணு லேசா அசைஞ்சா மெஷினும் கூடவே அசையும். ரொம்ப அசைஞ்சா லேசர் தானா நின்னுடும்.

லேசர் கண்ணைச் சுட்டுடாதா? இதுக்கு மட்டும் நான் வாயைத் திறந்தேன், ஏன்னா எனக்குப் பிடிச்ச கதை இது. இதுல பயன்படற எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். சூட்டால பொசுக்காம, மூலக்கூறு பிணைப்புகளையே உடைச்சு, இம்மி இம்மியா எடுத்துடும். சுத்தி இருக்கிற திசு கருகாது. இதைக் கண்டவங்கள்ல ஒருத்தர் சென்னையில பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்ச ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவுல ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தப்போ, 1981 நவம்பர்ல, வீட்டு விருந்துல மிச்சமான வான்கோழித் துண்டைக் கொண்டு வந்து அதுமேல லேசரை அடிச்சுப் பார்த்தார். வெட்டு சுத்தமா விழுந்துச்சு, கருகல் இல்ல. அவருக்கும் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ரெண்டு பேருக்கும் 2013-ல பதக்கம் கிடைச்சுது. டாக்டரம்மா முழுசும் கேட்டுட்டு, "ஆனா வாசனை வரும்மா, முடி கருகற மாதிரி. பயப்படாதே"ன்னு முடிச்சாங்க.

இனிமே கண்ணாடியே வேணாமா? தூரத்துக்கு வேண்டியிருக்காது. நாற்பது தாண்டினா வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும், லேசர் அதைத் தடுக்காது. "இதோ உங்க மாமாவையே பாரு"ன்னாங்க. நான் பில்லைப் படிக்க நாலு அடி தள்ளிப் பிடிச்சிருந்தேன்.

பவர் திரும்ப வருமா? மாறிட்டே இருக்கிற பவர்ல பண்ணினா வரும். அதனாலதான் பதினெட்டு வயசாவது ஆகியிருக்கணும், ஒரு வருஷமாவது பவர் நிலையா இருக்கணும்னு பார்க்கிறது. எல்லாம் சரியா இருந்தும் சிலருக்குக் கொஞ்சம் திரும்பலாம்.

கல்யாணம், குழந்தைன்னு ஆனா? கர்ப்பமா இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் மாறும், அப்போ பண்ண மாட்டாங்க. பண்ணிக்கிட்டதால குழந்தைப்பேறுக்கு ஒண்ணும் ஆகாது.

பண்ணின பிறகு என்ன தொல்லை? கண்ணு உலர்ந்து போறது. கார்னியாவுல இருக்கிற நரம்புகள் வெட்டுப்படறதால சில மாசம் சொட்டு மருந்து தேவைப்படும், சிலருக்கு அதுக்கும் மேல. ராத்திரியில விளக்கைச் சுத்தி வளையம் தெரியலாம். கண்ணைக் கசக்கவே கூடாது.

பார்வை போயிடுமா? இதைக் கேட்கும்போது பாப்பா குரல் இறங்கிடுச்சு. "ரொம்ப அபூர்வம். ஆனா ஆபத்தே கிடையாதுன்னு எந்த டாக்டராவது சொன்னா எழுந்து வந்துடு."

அப்போதான் ரிப்போர்ட் வந்துச்சு. டாக்டரம்மா பார்த்தாங்க. திரும்பப் பார்த்தாங்க. பேச்சு நின்னு போச்சு.

கார்னியாங்கறது கருவிழிக்கு முன்னாடி கடிகாரத்துக் கண்ணாடி மாதிரி இருக்கிற படலம். சராசரியா 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. லாசிக்ல மேலாக ஒரு 110 மைக்ரானைக் கதவு மாதிரி திறந்து, ஒரு பவருக்குச் சுமார் 12-லிருந்து 15 மைக்ரான் வீதம் லேசரால இழைச்சு எடுத்துட்டு, கதவை மூடிடுவாங்க. அடியில குறைஞ்சது 250 மைக்ரானாவது மிஞ்சணும். இப்போ நிறைய டாக்டருங்க 300 இருக்கட்டும்னு பார்க்கிறாங்க.

பாப்பாவோட இடது கண்ணு 472. நான் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுட்டேன். "கதவுக்கு 110, பவருக்கு ஒரு 80. மிச்சம் 282 இருக்கே டாக்டர்?"

"கணக்கு வருதுங்க, வடிவம் சரியில்ல"ன்னு படத்தைத் திருப்பிக் காட்டினாங்க. கலர் கலரா ஒரு வரைபடம். இடது கண்ணுல கீழ்ப்பக்கம் மட்டும் திட்டா சிவப்பு. பின்பக்கமும் அதே இடத்துல புடைச்சிருக்கு. "பொண்ணு கண்ணைக் கசக்குவாளா?"

"சின்னதுலேர்ந்தே அரிப்பு டாக்டர். கசக்கிட்டேதான் இருப்பா"ன்னா அக்கா.

"சிலிண்டர் பவர் ஏறிட்டே வந்திருக்கா?"

பழைய சீட்டுகளை அக்கா பையிலிருந்து எடுத்தா. மூணு வருஷத்துல ஒண்ணுலிருந்து ரெண்டே கால். வருஷா வருஷம் கண்ணாடிக் கடையில மாத்திக் கொடுத்ததோட சரி, ஏன் ஏறுதுன்னு நாங்க யாரும் கேட்கல.

கெரட்டோகோனஸ்னு பேரு சொன்னாங்க. ஆரம்ப நிலை. கார்னியா மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு வர்ற கோளாறு. பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு வயசுக்கு மேல, இருபதுகள்ல தெரியவரும். ஏற்கனவே பலமில்லாத சுவரை லேசரால இழைச்சா என்ன ஆகும்? உள்ளே இருக்கிற அழுத்தத்துல இன்னும் புடைச்சுக்கிட்டு வரும், கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாத நிலைக்குப் போகலாம். கதவு திறக்காத முறைகள்லயும் இழைக்கிறதும் எடுக்கிறதும் இருக்குங்கறதால அதுவும் வேண்டாம்னுட்டாங்க.

அக்கா அழ ஆரம்பிச்சிட்டா. "வேற எங்கயாவது பார்க்கலாமா டாக்டர்?"

உண்மையைச் சொல்லணும்னா, அதே கேள்வி என் நாக்கு நுனியில இருந்துச்சு. பத்து நிமிஷ வேலைன்னு இருபது வருஷமா ஊரெல்லாம் சொன்ன வாயாச்சே.

"தேடினா யாராவது ஒருத்தர் பண்ணிடலாம்னு சொல்லக்கூடும்மா. எனக்கு அதுதான் பயம்"னாங்க.

வெளிய நாற்காலியில உட்கார்ந்தப்போ எனக்குக் கை நடுங்கிச்சு. 2004-ல என் கார்னியா எத்தனை மைக்ரான்? தெரியாது. என் வரைபடம் எப்படி இருந்துச்சு? தெரியாது. யாரோ பார்த்திருப்பாங்க, நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா நான் கேட்கல. ஒரு காகிதம்கூட கையில இல்ல. நான் பொழைச்சது என் சாமர்த்தியம்னு நினைச்சு, அதை ஊருக்கே யோசனையா வித்திருக்கேன்.

அதோட விடல. நானும் கண்ணைக் காட்டிட்டு வந்தேன். சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துட்டு, "கடைசியா எப்போ செக்கப் பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க.

"அதான் கண்ணாடி போயிடுச்சே டாக்டர், எதுக்கு?"

"கண்ணாடிதாங்க போச்சு. கிட்டப்பார்வைக் கண்ணு நீளமா வளர்ந்த கண்ணு. லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் தொடும், பின்னால விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிருக்கிறது அப்படியேதான் இருக்கும். மின்னல் மாதிரி தெரிஞ்சாலோ, திடீர்னு கரும்புள்ளி பறந்தாலோ அன்னைக்கே ஓடி வரணும். வருஷம் ஒரு தடவை பார்க்கணும்."

இன்னொண்ணும் சொன்னாங்க. லேசர் பண்ணின கண்ணுக்கு நாளைக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணலாம், ஆனா உள்ளே வைக்கிற லென்ஸ் பவரைக் கணக்கிட பழைய அளவுகள் இருந்தா உதவும். கண் அழுத்தமும் அளக்கும்போது இருக்கிறதைவிடக் குறைவா காட்டும். எந்தக் கண் டாக்டர்கிட்ட போனாலும் லேசர் பண்ணினதை முதல்ல சொல்லணும்.

பாப்பா விஷயத்துக்கு வர்றேன். ஆறு மாசம் கழிச்சு எடுத்த படத்துல இடது கண்ணு இன்னும் கொஞ்சம் புடைச்சிருந்துச்சு. கிராஸ் லிங்கிங் பண்ணாங்க. பி-2 வைட்டமின் சொட்டை விட்டு, கார்னியாவுல ஊற வச்சு, புற ஊதா வெளிச்சம் காட்டி அதை இறுக்கமாக்கறது. ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் நோயாளிகள்கிட்ட பண்ணின முடிவுகளை 2003-ல வெளியிட்ட முறை. மூணு நாள் வலியில துடிச்சா. ஒரு வருஷம் கழிச்சு எடுத்த படம் நகராம அப்படியே இருக்கு. கண்ணாடியும் அப்படியே இருக்கு. குடும்பத்துல வரக்கூடியதுன்னு அவ தம்பியையும் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தோம், அவனுக்கு ஒண்ணும் இல்ல.

அந்தச் சம்பந்தமா? அக்கா அவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிட்டா. அப்புறம் அங்கிருந்து போன் வரல. அக்கா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. பாப்பா சாப்பிட்டா.

கல்யாணத் தேதியை வச்சுக்கிட்டு அவசர அவசரமா லேசருக்குப் போயிருந்தா, வரைபடம் பார்க்காத கையில மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அப்பப்போ ராத்திரியில தோணும். இப்பவும் என்கிட்ட யாராவது கேட்டா பண்ணிக்கோங்கன்னுதான் சொல்றேன். எனக்கு இருபது வருஷம் நிம்மதி கொடுத்த விஷயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூடவே மூணு வார்த்தை சேர்த்துக்கறேன்: வரைபடத்தைக் கேளுங்க, காகிதத்தைப் பத்திரமா வைங்க, வேண்டாம்னு சொல்ற டாக்டரை நம்புங்க.

போன தீபாவளிக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். பட்டாசு பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு தெரியாம தடுமாறிட்டு, பையிலிருந்து என் ரீடிங் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பாப்பா தன் கண்ணாடியை மூக்கு மேல தூக்கி விட்டுக்கிட்டு, "வாங்க சோடாபுட்டி மாமா"ன்னா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. எனக்கும் பாப்பாவுக்கும் நடந்ததைத்தான் சொல்லியிருக்கேன். உங்க கண்ணுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. முக்கியமா, கண்ணைக் கசக்காதீங்க.