அவள் வாயை அடைத்தவள் நான்

போர் முடிந்து சில வருடங்களில் கிளிநொச்சிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அப்படி ஒன்றில் நான் லைன் சுப்பவைசர். என் லைனில் தைத்த ஒரு பிள்ளைக்கு நான் செய்த அநியாயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மகப்பேற்று லீவு முடிந்து திரும்பியிருந்தாள். வீடு விசுவமடுப் பக்கம். விடியமுன் எழும்பிச் சமைத்து, குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு பஸ் பிடிப்பாள். ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் வேலைநேரத்தில் இரண்டு தடவை பாலூட்டப் போகலாம். பிள்ளை பராமரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் தடவைக்கு ஒரு மணித்தியாலம். சட்டம் அது. விசுவமடு போய்த் திரும்ப அது எங்கே காணும்? பால் கட்டி மார்பு கல்லாகிவிடும். வெட்டுத்துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தைப்பாள். தாங்கமுடியாதபோது கழிப்பறையில் பீச்சி ஊற்றிவிட்டு வருவாள். அவள் மெஷினில் துண்டுகள் குவியும், டாகெட் குறையும், நான் கத்துவேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் பக்கத்தில் வந்து இருந்தாள். "அக்கா, இரவில நித்திரையே வருகுதில்லை. பிள்ளை அழுதா தூக்கவே பயமாக் கிடக்கு. எனக்கு ஏதும் பிழைச்சுப் போச்சோ?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னேன்: "நாங்கள் மாத்தளனில பங்கருக்குள்ள கைப்பிள்ளையோட கிடந்து வந்தனாங்கள். உனக்கு மாசச் சம்பளம், கல்வீடு, பிள்ளை பார்க்க மாமி. இதுக்கு மேல என்னடி வேணும்?"

பிறகு அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சொன்ன பயம் எனக்குத் தெரியாததல்ல. 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில், என் மகனைத் தூக்க மனமில்லாமல் கூடாரச் சீலையைப் பார்த்தபடி கிடந்தவள் நான். அம்மாதான் பால்மா கரைத்துப் பருக்கினா. சுற்றிவரப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அழுதுகொண்டிருக்க, உயிரோடிருக்கும் பிள்ளை எனக்குப் பாரமாயிருக்கிறதென்று எந்த வாயால் சொல்வது? விழுங்கிவிட்டேன். அந்த வெட்கத்தைத்தான் இவள் தலையில் கட்டினேன். வன்னியில் நான் ஒருத்தி மட்டும் இப்படியில்லை. களைத்துப்போனேன் என்று ஒரு தாய் வாய் திறந்தால் போரின் கடைசி நாட்களை, முள்ளிவாய்க்காலைச் சொல்லி அடக்கிவிடுகிறோம்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கிறது. குடும்பநல மாதுவிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். லைனில் அரை மணித்தியாலம் நானே அவள் மெஷினில் இருந்திருக்கலாம். எனக்குத் தைக்கத் தெரியும்.

கொஞ்ச நாளில் "வீட்டுப் பிரச்சினை" என்று கடிதம் தந்துவிட்டு நின்றுவிட்டாள். பிறகு ஒருமுறை சந்தையில் கண்டேன். பிள்ளை நடக்கிற வயது. எப்படியிருக்கிறாய் என்று கேட்டேன். "சுகம் அக்கா" என்றாள். அதற்கு மேல் என்னிடம் ஏன் சொல்லப்போகிறாள்?