ஓலைப் பெட்டியின் பிறப்பிடம்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாட்டுக்குப் பிரயாணம் செய்பவர்களின் கண்ணைக் கடலுக்கு முன்பே கவருவது பனைமரந்தான். கிழக்கே உப்புக் காற்று. மேற்கே செந்நிறத் தேரி மணல். மற்றப் பயிர்கள் தயங்கும் அந்த மண்ணிலே பனை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. இப்பகுதியில் ஸ்திரீகள் திண்ணையில் அமர்ந்து முடையும் ஓலைப் பெட்டிகளின் அழகைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் பெட்டியின் வேலை திண்ணையில் ஆரம்பமாவதில்லை. மரத்தின் உச்சியில் ஆரம்பமாகிறது.

பனைக்கு உழவு வேண்டாம். நீர் வார்ப்பாரும் அரிது. கொட்டையைப் புதைத்தால், அது முதலில் பூமிக்குள் கிழங்கை இறக்கிவிட்டுப் பிறகுதான் மேலே ஓலையை நீட்டும். வடலிப் பருவம் கடந்து பாளை விடுவதற்குள் 12 முதல் 20 ஆண்டுகள் சென்றுவிடும். ஆண் பனையா, பெண் பனையா என்பதுகூட அப்போதுதான் விளங்கும்.

முற்றிய சாரோலை கூரைக்கும் வேலிக்கும் ஆகும். நயமான பெட்டிக்கோ, நடுவில் விரியாமல் நிற்கும் குருத்தோலைதான் வேண்டும். மரத்தின் உயிர் நிற்பதும் அந்தக் குருத்தின் அடியிலேதான். ஆகையால் மரமேறுபவர் அடிக்குருத்துக்கு ஊறு நேராமல், ஓரிரு ஓலைகளை மாத்திரம் அரிந்துகொண்டு அடுத்த மரத்தை நாடவேண்டும். பேராசை மிகுந்தால் மரம் பட்டுப்போகும்.

அரிந்த ஓலையை வெயிலில் உலர்த்துகிறார்கள். ஈரம் வற்றியதும் நடு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்துகொள்கிறார்கள். அகலம் சிறிது பிசகினாலும் பின்னல் கோணிவிடும். நிறம் வேண்டுமானால், சாயம் கரைத்த கொதிநீரில் முக்கி எடுத்து ஆற்றுகிறார்கள். காய்ந்த ஓலை மடித்தால் ஒடியும். எனவே முடையுமுன் நீர் தெளித்துப் பதப்படுத்துவது அவசியம். பெட்டியின் விளிம்புக்கு வலுத் தருவது மட்டையிலிருந்து உரித்த நார்.

மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம் அறிவித்தது. செங்கற்சூளைக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்த மரத்துக்கு அது நல்ல காவல். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதுமா? ஏறுவோர் அருகிவிட்டால் குருத்தோலை உச்சியிலேயே விரிந்து முற்றிவிடும். திண்ணையிலே பழகிய விரல்கள் வேலையின்றி ஓய்ந்துவிடும்.

நம் வீடுகளுக்கு ஓலைப் பெட்டி வாங்கும்போது நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் வழக்காடுவதுபோல் பேரம் பேசுகிறோம். முடைந்த கையோடு, மரம் ஏறிய காலையும் எண்ணி விலை கொடுப்பதே நியாயம்.