சபைக்கு நாடி பார்ப்போம்

ஓய்வு பெற்ற பிறகு கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை என்று திருநெல்வேலிப் பக்கம் பல ஆலயங்களுக்குப் போய் வருகிறேன். எங்கு போனாலும் புதுக் கோபுரத்தைக் காட்டி, "சபை எப்படி வளர்ந்திருக்கு பாத்தீங்களா சார்?" என்பார்கள். நான் பார்ப்பது வேறு மூன்று.

முதலாவது, அசனப் பந்தி. ஊரின் தெருப் பிரிவினை பந்தியிலும் தொடர்ந்தால், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கி என்ன பயன்?

இரண்டாவது, சேகரத் தேர்தல். எங்கள் சபையில் ஒரு தேர்தலுக்குப் பின் அண்ணனும் தம்பியும் ஆறு வருடம் பேசவில்லை. ஞாயிறு தவறாமல் இருவரும் பரமண்டல ஜெபம் சொன்னார்கள், மன்னிப்புப் பற்றிய வரியையும் சேர்த்துத்தான். கடைசியில் தாயாரை அடக்கம் பண்ணின அன்றுதான் பேசினார்கள். அதுவரை இருவரையும் கூட்டி உட்கார வைக்க யாருமே முன்வரவில்லை. சண்டையை விட அதுதான் பெரிய வியாதி என்பேன்.

மூன்றாவது, காணிக்கை போகும் வழி. 1903-ல் அசரியா முதலானோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பணத்தில் நம் ஆட்களையே தெலுங்கு நாட்டுக்கு, டோர்னக்கலுக்கு அனுப்பினார்கள். அன்றைய சபை பணக்காரச் சபை அல்ல. ஆனாலும் முகம் தெரியாதவர்களுக்காகக் கொடுத்தது.

எங்கள் ஆச்சி உலை வைக்குமுன் தினமும் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனியே எடுத்து வைப்பாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை.

உங்கள் சபையில் நாடி எப்படி இருக்கிறது?