எலும்பு சொன்ன சாட்சி

பசி உயிர்களுக்கெல்லாம் பொதுவானது. ஆயினும், அந்தப் பசியை ஓர் உயிர் எவ்வாறு தணித்துக் கொள்கின்றது என்பதை வைத்தே அதனை உயர்ந்தது என்றும் தாழ்ந்தது என்றும் நாம் தரம் பிரித்து விடுகின்றோம். தானே கொன்று தின்னும் சிங்கத்தை வேந்தன் என்கின்றோம். பிணந்தின்னும் கழுதைப்புலியின் பெயரையோ ஏசுவதற்கு எடுத்துக் கொள்கின்றோம். அரபு மொழியில் சிங்கத்திற்கு எண்ணற்ற பெயர்கள் உண்டு. வேட்டையாடி வீழ்த்திய இரையை அம்மொழி 'ஃபரீஸத்' என்னும். அழுகிக் கிடக்கும் பிணத்தை 'ஜீஃபத்' என்னும். முன்னதன் வேர்ச்சொல்லுக்கு, சிங்கம் தன் இரையின் கழுத்தை முறிப்பது என்று பொருள் கூறுவர் அகராதியாளர். சொற்களை இவ்வாறு துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பது மொழிக்கு அழகுதான். ஆனால் இந்த இரு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நாம் வழங்கிய தீர்ப்பு ஒன்று பிழையாகிப் போயிற்று. அதனை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அக்காலத்தில் டைனோசர்களைக் காட்டிய திரைப்படங்கள் சிறுவர் உள்ளங்களை ஆட்கொண்டிருந்தன. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், அட்டையில் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் கொடிய விலங்கின் படம் போட்ட நோட்டுப் புத்தகத்தை நம்மிடம் கொண்டு வந்தான். "ஹஜ்ரத், இது வேட்டையாடித் தின்னுச்சா, செத்துக் கிடந்ததைத் தின்னுச்சா?" என்று கேட்டான். அவ்விலங்கு பிணந்தின்னியே என்று அமெரிக்க அறிஞர் ஒருவர் கூறியதாக அந்த வாரந்தான் ஓர் இதழில் படித்திருந்தோம். படித்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், "ஃபரீஸத் அன்று, ஜீஃபத்தான் அதன் உணவு" என்று முழங்கினோம்.

பையன் அமரவில்லை. அவன் தந்தை எம்மூரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். "செத்த ஆட்டோட எலும்பு கூடாது ஹஜ்ரத். உசிரோட இருக்கும்போது கால் ஒடிஞ்ச ஆடுன்னா, ஒடிஞ்ச இடத்துல எலும்பு திரண்டு முண்டு கட்டியிருக்கும். அத்தா கடையில நான் பார்த்திருக்கேன். இது கடிச்ச எலும்பு அந்த மாதிரி ஏதாவது கிடைச்சிருக்கா?" என்றான்.

"கசாப்புக் கடைப் பேச்சையெல்லாம் இங்கே பேசாதே, உட்காரு" என்றோம். வகுப்பு சிரித்தது. அவன் அமர்ந்தான். அந்த ஆண்டு முழுதும் அவன் நம்மிடம் வேறு கேள்வி கேட்கவேயில்லை. அடுத்த ஆண்டு பள்ளியை விட்டு நின்று, தந்தையின் கடைக்குச் சென்றுவிட்டான். வீட்டு நிலைமை அதற்குக் காரணம் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், நமது பங்கு அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

அவன் கேட்ட கேள்வி எத்துணை ஆழமானது என்பதைப் பின்னாளில் படித்தபோதுதான் உணர்ந்தோம்.

டைரனோசாரஸ் ரெக்ஸின் எலும்புகளை 1902ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெல் க்ரீக் என்னும் பகுதியில் பார்னம் பிரவுன் கண்டெடுத்தார். 1905ஆம் ஆண்டு ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் அதற்குப் பெயர் சூட்டினார். 'கொடுங்கோற் பல்லி வேந்தன்' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அது வாழ்ந்தது. நீளம் 12 மீட்டர். எடை ஏறத்தாழ 8 டன். வேரோடு சேர்த்து அளந்தால் அதன் பெரிய பல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

இத்தகைய விலங்கைப் பிணந்தின்னி என்று வாதிட்டவர் ஜாக் ஹார்னர் என்னும் அறிஞர். அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கைகளோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமே; ஓடும் இரையை அவற்றால் எப்படிப் பற்றுவது? மோப்பம் உணரும் மூளைப் பகுதியோ பெரியது. தொலைவில் கிடக்கும் பிணத்தை அறிவதற்கு அதுவன்றோ வேண்டும்? கால்களும் விரைந்தோட ஏற்றவையல்ல. 2002ஆம் ஆண்டு ஹட்சின்சன், கார்சியா என்னும் இருவர் செய்த கணக்கும் இதற்கு ஓரளவு துணை நின்றது. அவ்விலங்கு மிக வேகமாக ஓட வேண்டுமாயின், உடல் எடையின் பெரும்பகுதி கால் தசையாகவே இருந்திருக்க வேண்டும் என்றும், அவ்வாறு இருத்தல் இயலாது என்றும் அவர்கள் காட்டினர்.

மறுதரப்பாரும் வாளாவிருக்கவில்லை. வேட்டைக்கு வேண்டியது இரையைவிடச் சற்றே கூடுதலான வேகந்தான். அதன் இரைகளும் பல டன் எடையுள்ளவை. அவை மான்களைப் போல் பாய்ந்தோடக் கூடியவை அல்ல. கைகள் சிறியனவே, ஓநாய் தன் இரையை வாயால்தானே பற்றுகின்றது? மோப்பம் பிணந்தேடவும் உதவும், உயிருள்ள இரையைத் தேடவும் உதவும். கண்களைப் பற்றி 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று, இரு கண்களும் ஒருசேர முன்னோக்கிக் காணும் பரப்பு அதற்கு 55 பாகை என்று கணித்தது. இது பருந்தினத்திற்கு உள்ளதைவிடவும் அகன்றதாம். தூரத்தைத் துல்லியமாக அளக்கும் இத்தகைய பார்வை, கிடந்த இடத்தில் கிடக்கும் பிணத்திற்கு எதற்கு? மேலும், காட்டில் விழும் பிணங்களைச் சிறிய ஊனுண்ணிகள் முந்திக்கொண்டு தின்றுவிடும். ஆதலால் 8 டன் விலங்கு அவற்றை மட்டுமே நம்பிப் பிழைத்திருக்க இயலாது என்று 2011ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வு கூறிற்று.

இவையெல்லாம் வாதங்களே. வழக்கைத் தீர்ப்பதற்குச் சாட்சி வேண்டுமன்றோ? அந்தச் சாட்சியை எலும்புதான் சொல்ல வேண்டும்.

டிரைசெராடாப்ஸ் என்னும் மூன்று கொம்பு விலங்கின் இடுப்பெலும்பு ஒன்றில் டைரனோசாரஸின் பற்குறிகள் பலபல காணப்பட்டன. 1996ஆம் ஆண்டு இது வெளியிடப்பட்டது. தின்றது என்பதற்கு அது சான்று. கொன்றது என்பதற்குச் சான்றாகாது. ஏனெனில் அப்பற்குறிகளைச் சுற்றி எலும்பு ஆறியிருக்கவில்லை. உயிர் பிரிந்த உடலில் பதிந்த பல்லும் அவ்வாறே குறி செய்யும்.

2013ஆம் ஆண்டு வெளிவந்த செய்தியோ வேறு. தெற்கு டகோட்டாவில், அதே ஹெல் க்ரீக் பாறை அடுக்கில், வாத்தலகு டைனோசர் ஒன்றின் இரு வால் எலும்புகள் கிடைத்தன. அவ்விரண்டுக்கும் இடையே டைரனோசாரஸின் பல் ஒன்று முறிந்து சிக்கியிருந்தது. அந்தப் பல்லைச் சூழ்ந்து எலும்பு வளர்ந்து, இரு எலும்புகளும் ஒன்றாய்க் கூடியிருந்தன. கடித்தபோது அவ்விலங்கு உயிரோடிருந்தது. கடிபட்ட பின்னும் தப்பி, எலும்பு கூடும் வரை வாழ்ந்தது. டென்வர் நகர அருங்காட்சியகத்தில் உள்ள வேறொரு வாத்தலகு டைனோசரின் வாலிலும் கடிபட்டு ஆறிய காயம் இருப்பதாக 1998ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பையனை 'உட்காரு' என்று நாம் அடக்கிய நாளில், அவன் கேட்ட எலும்பு உலகில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது!

எண்ணிப் பார்க்கையில் வியப்பு மேலிடுகின்றது. வேட்டையில் மாண்ட இரை, வேட்டைக்குச் சாட்சி சொல்வதில்லை. தப்பிப் பிழைத்த இரைதான் சொல்கின்றது. புத்தகத்தில் நாம் படிக்காத இந்த நுட்பத்தை, இறைச்சிக் கடையில் தந்தையின் பக்கத்தில் நின்று பன்னிரண்டு வயதுப் பாலகன் கற்றிருந்தான்.

அவ்விலங்கு உண்ட முறையும் அறியத்தக்கதே. அதன் கடியின் வலிமை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை, அதாவது மூன்றரை டன் முதல் ஐந்தே முக்கால் டன் வரை எடை அழுத்தினாற்போல் இருந்தது என 2012ஆம் ஆண்டு ஒரு கணக்கு வெளியாயிற்று. பின்வந்த கணக்குகள் சில இதனைக் குறைத்துக் கூறினும், எலும்பை நொறுக்கும் வலிமை அதற்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் கல்லாய்ச் சமைந்த அதன் சாணம் என்று கருதப்படும் ஒன்று கிடைத்தது. 44 சென்டிமீட்டர் நீளமுள்ள அதனுள் இளம் விலங்கொன்றின் எலும்புத் துணுக்குகள் நிறைந்திருந்தன. மென்று அரைக்கும் பற்கள் அதற்கு இல்லை. பிய்த்து, நொறுக்கி, எலும்போடு விழுங்கியது.

எல்லா ஊனுண்ணி டைனோசர்களும் இவ்வழியில் உண்ணவில்லை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல்லோசாரஸின் மண்டை உறுதியானது. கடியோ அவ்வளவு வலியதன்று. ஆதலால் அது தலையை வீசித் தசையை அறுத்துத் தின்றிருக்கும் என்பர். அதன் வாலெலும்பு ஒன்றில், ஸ்டெகோசாரஸின் வால்முள் பாய்ந்த துளை காணப்படுகின்றது. இரைக்கும் எதிர்த்துப் போராடத் தெரிந்திருந்தது! இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு கிடைத்த பாரியோனிக்ஸின் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்களும் இளம் டைனோசர் ஒன்றின் எலும்புகளும் இருந்தன. எகிப்தின் பஹரிய்யா பாலைவனச் சோலையில் 1912ஆம் ஆண்டு கிடைத்த ஸ்பைனோசாரஸும் மீனுணவை நாடியதே. 'பஹ்ர்' எனில் அரபியில் கடல். எகிப்தியர் வழக்கில் பஹரி என்பது கடலிருக்கும் வடதிசையைக் குறிக்கும். இன்று மணலாய்க் கிடக்கும் அவ்விடத்தில் அன்று நீர் நிறைந்திருந்தது. மியூனிக் நகரில் வைக்கப்பட்டிருந்த அந்த எலும்புகள் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தன. பின்னர் மொராக்கோவில் கிடைத்த எலும்புகளே அதன் கதையைத் தொடர்கின்றன.

ஒரே விலங்குகூட வாழ்நாள் முழுதும் ஒரே உணவை உண்ணவில்லை. கனடாவில் கிடைத்த இளம் கோர்கோசாரஸ் ஒன்றின் வயிற்றில், பறவை போன்ற இரு குட்டி டைனோசர்களின் கால்கள் இருந்ததாக 2023ஆம் ஆண்டு அறிவித்தனர். வளர்ந்த கோர்கோசாரஸ்களோ பெரிய தாவரவுண்ணிகளைத் தின்றன.

ஆகவே, 'வேட்டையா, பிணமா' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டதே பிழை. உயிருள்ளது அகப்பட்டால் கொன்றது. செத்தது கிடைத்தால் விட்டு வைக்கவில்லை. இன்றைய விலங்குகளும் அப்படித்தான். 1960களில் தான்சானியாவில் கழுதைப்புலிகளை ஆராய்ந்த ஹான்ஸ் குரூக், அவை பெரும்பாலும் தாமே வேட்டையாடுவதையும், அவை கொன்றதைச் சிங்கங்கள் வந்து பறித்துக்கொள்வதையும் கண்டார். வேந்தன் என்றும் பிணந்தின்னி என்றும் நாம் சூட்டிய பட்டங்களை விலங்குகள் அறியா.

சென்ற மாதம் அந்தக் கடைக்குச் சென்றோம். அன்றைய பையன் இன்று கடையின் உரிமையாளர்; நெற்றியோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. 2013ஆம் ஆண்டுச் செய்தியை எடுத்துச் சொல்லி, "அன்று நீர் கேட்டதே சரி, நாம் சொன்னது தவறு" என்றோம். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "நான் என்ன கேட்டேன்னு எனக்கு ஞாபகமில்லீங்க ஹஜ்ரத். நீங்க உட்காருன்னது ஞாபகமிருக்கு" என்று சிரித்தார். அச்சிரிப்பில் கசப்பில்லை. கசப்பு இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

அருகில் நின்ற அவருடைய மகன், "பல்லு உள்ளேயே இருந்தா அதுக்கு வலிக்காதா?" என்று கேட்டான். அவனுக்கு வயது பத்திருக்கும்.

"நமக்குத் தெரியாது தம்பி. தேடிப் பார்த்துச் சொல்கின்றோம்" என்றோம். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இந்தச் சொற்களை நாம் எத்தனை முறை கூறியிருப்போம் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வீடு திரும்பினோம். விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.