ஐம்பதைத் தாண்டியவரின் ஊர்

நடுவயது என்றதும் சர்க்கரை, கொழுப்பு, மூக்குக்கண்ணாடி என்றுதான் பத்திரிகைகளில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். புத்தளம் கரையோரத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்டால் உடனே விடை வராது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள்.

அப்படி வந்தவர்தான் எருக்கலம்பிட்டி நண்பர். அப்போது இருபது வயது. ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை, மெல்ல மெல்லக் கல்வீடானது. 2009இல் போர் முடிந்ததும் அவருடைய வாப்பா ஊர் திரும்பத் துடித்தார். போகாமலே மௌத்தானார், அடக்கமும் ஆலங்குடாவில்தான். இங்கேயே பிறந்த மகனோ, "அது உங்கட ஊர் வாப்பா, எனக்கு அங்க ஆரைத் தெரியும்?" என்கிறான். வாப்பாவுக்கும் மகனுக்கும் ஊர் எதுவென்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் நடுவில் நிற்பவருக்கே.

2019 ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ்கள் தந்திரிமலையில் தாக்கப்பட்டன. நண்பரும் அவற்றுள் ஒன்றில் இருந்தார். அவ்வளவு பட்டும் வாக்களித்துவிட்டே திரும்பினார்.

இப்போது எருக்கலம்பிட்டிக் காணிக்கு ஆள் வந்திருக்கிறது. விற்றால் மகளின் கல்யாணச் செலவுக்கு உதவும். இருமுறை உறுதியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இருமுறையும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார்.