பிஞ்சுக் கண்களைத் தேடிப் போகும் கேமரா

பெங்களூருவிலிருந்து மைசூரு சாலையில் கிளம்பினால் 'ஷோலே' படமெடுத்த ராமநகரப் பாறைகள், சென்னப்பட்டணத்து மரப்பொம்மைகள், மத்தூர் வடை. சுமார் 100 கிலோமீட்டரில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே மண்டியா வரும். சுற்றுலா போகிறவர்கள் அங்கே அதிகம் இறங்குவதில்லை. ஆனால், ஒரு கேமராவோடு மருத்துவக் குழு இறங்குகிறது. மலைக்காகவோ அருவிக்காகவோ இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக.

மாதம் நிறையும் முன்பே பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அவை பிறகு கோணல்மாணலாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்துவிடும். டாக்டர்கள் 'ஆர்.ஓ.பி.' என்பது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். அதுதான் வில்லங்கமே! 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் 2-3 வாரத்திலேயே.

அந்த 30 நாளில்தான் கர்நாடகக் கிராமத்து வீடுகளில் 'பாணந்தனம்' நடந்துகொண்டிருக்கும். நம் ஊர் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் மாதிரி. தாய்க்கு வெந்நீர்க் குளியல், குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை. இருவரும் வாசல் தாண்டக் கூடாது. பாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருவுக்கு எத்தனை பஸ் மாறுவது?

குழந்தை வர முடியாவிட்டால் கேமரா போகட்டும் என்று 2008-ல் தொடங்கியதுதான் நாராயண நேத்ராலயாவின் 'கிட்ராப்' திட்டம். முன்னெடுத்தவர் டாக்டர் ஆனந்த் வினேகர். பக்கத்து ஊர் மருத்துவமனைவரை குழந்தையைக் கொண்டுவந்தால் போதும். படமெடுப்பவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள்.

குழந்தையைத் துணியில் சுற்றி, கண்மணி விரிய ஒரு சொட்டு மருந்து, மரத்துப்போக இன்னொன்று. இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி. கண்மேல் ஜெல் தடவி, 'ரெட்கேம்' கேமராவின் முனையை மெல்ல வைக்கிறார்கள். குழந்தை வீறிடும், பார்க்கிற அம்மாவுக்கு அதைவிட வலி. திரையில் விழித்திரை விரிய, படங்கள் இணையத்தில் பெங்களூரு போகின்றன. அங்கே நிபுணர் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

முடிவு மூன்று நிறங்களில் வரும். பச்சை என்றால் பரிசோதனை முடிந்தது. சிவப்பு என்றால் 2-3 நாளுக்குள் லேசர். தள்ளிப்போட்டுப் பார்வை போனால் திரும்பாது. ஆரஞ்சு வந்தவர்கள், குழு அடுத்து வரும் நாளில் மறுபடி வர வேண்டும். அதற்குள் வீட்டில் பாட்டியை இன்னொரு முறை சமாதானம் செய்தாக வேண்டும்.